13 பேரி மரங்கள்

சண்டை முடிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆட்டையும் மாட்டையும் அறுத்துத் தின்றுகொண்டு, எஜமானியைக் கல்யாணம் கட்டிக்கொள்ளக் காத்துக் கிடந்த 108 பேரும் பிணமாகிவிட்டார்கள். 20 வருடம் காத்திருந்த மனைவியோடு ஓர் இரவும் கழிந்துவிட்டது. பொழுது விடிந்ததும் ஒடிசியஸ், கிரேக்கக் கவி ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தின் நாயகன், ட்ராய் போருக்குப் போய்த் திரும்பியவன், ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டத்துக்குப் போகிறான், அப்பாவைப் பார்க்க. கூட வந்தவர்களைச் சாப்பாடு தயார் செய்யச் சொல்லிப் பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உள்ளே நுழைகிறான். அங்கே லேயர்ட்டிஸ் ஒரு செடியைச் சுற்றிக் கொத்திவிட்டுக்கொண்டிருக்கிறார். ஒட்டுப்போட்ட அழுக்குச் சட்டை. முள் கீறாமலிருக்கக் கையில் உறை, காலில் மாட்டுத்தோல் பட்டை, தலையில் ஆட்டுத்தோல் குல்லாய். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த மனிதர்.

மகன் ஓர் உயரமான பேரி மரத்தடியில் நின்று அழுகிறான். அப்புறம் யோசிக்கிறான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, இல்லை முதலில் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாமா? சீண்டிப் பார்க்கலாம் என்று முடிவாகிறது. கிட்டே போய், தோட்டத்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறீர், உம்மைத்தான் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை, நீர் யாருடைய அடிமை என்று கேட்கிறான்.

என் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "ஏன்டா?" என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரி முடித்த வருடம் எழுதியது. அப்போது உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் பழிவாங்க வருவார்கள், அதுவரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், சரி. ஆனால் தோட்டத்தில் இருப்பது அப்பா மட்டும். பிள்ளை போனதிலிருந்து ஒழுங்காகச் சோறு தண்ணி இல்லாமல், குளிர்காலத்தில் அடுப்பங்கரைச் சாம்பலில் வேலையாட்களோடு படுத்துக் கிடப்பவர். அவரிடம் எதற்கு வேஷம்?

மாறுவேடத்துக்கு நாம் கேட்டு வளர்ந்த கணக்கு ஒன்று இருக்கிறது. பாண்டவர்களின் அஞ்ஞாதவாசம் மாதிரி. ஒரு வருடக் கெடு. அதுவரை ஒருவன் சமையற்காரன், ஒருவன் ஆட்டம் சொல்லித்தருபவன். கெடு முடிந்தால் வேஷம் கலையும். ஒடிஸியில் இந்தக் கணக்கு இடிக்கிறது. அங்கே கெடுவே இல்லை. எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று கோடு போட முடியவில்லை. காவியமே ஒளிந்துகொண்டுதான் ஆரம்பிக்கிறது. கிரேக்க மூலத்தில் முதல் சொல் 'மனிதன்'. யார் அந்த மனிதன்? எங்கெங்கோ அலைந்தான், கடலில் என்னென்னவோ பட்டான், கூட வந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்றெல்லாம் சொல்கிறார் ஹோமர். பெயரை மட்டும் சொல்வதில்லை. 'ஒடிசியஸ்' என்ற பெயர் 21ஆம் வரியில்தான் முதல்முறையாக வருகிறது.

பெயரை மறைத்ததால் அவன் பிழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகைக்குள் 12 பேரோடு போய் மாட்டிக்கொள்கிறான். அரக்கன் வேளைக்கு இரண்டு பேராக ஆறு பேரைத் தின்கிறான். மதுவை ஊற்றிக் கொடுத்து மயக்கும்போது பெயர் என்ன என்று கேட்கிறான். "யாருமில்லை. அப்பா, அம்மா, கூட்டாளிகள் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்." தூங்கியதும் காய்ச்சிய ஒலிவ மரக் கழியைக் கண்ணில் இறக்குகிறார்கள். அலறல் கேட்டு அக்கம்பக்கத்து அரக்கர்கள் குகை வாசலுக்கு வந்து, யாராவது உன்னைக் கொல்கிறார்களா என்று கேட்க, உள்ளேயிருந்து பதில் வருகிறது: "யாருமில்லை என்னைக் கொல்கிறான்!" யாருமில்லையென்றால் அது தெய்வம் கொடுத்த நோவு, உன் அப்பனையே வேண்டிக்கொள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். தமிழில் இந்தச் சிலேடை பாதி நிற்கிறது. கிரேக்கத்தில் இன்னொரு மடிப்பும் உண்டு. 'யாருமில்லையென்றால்' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் 'மே டிஸ்' என்று இரண்டு சொல் வரும். சேர்த்துக் கேட்டால் 'மேட்டிஸ்', அதாவது சூழ்ச்சி. காளமேகம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பக்கம். ஆட்டுக்கடாக்களின் வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டு தப்பித்து, கப்பல் ஏறி, கரையை விட்டு நகர்ந்தாயிற்று. பேசாமல் போயிருக்கலாம். அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கத்துகிறான். குருடனாகிவிட்ட அரக்கன் சத்தம் வந்த திக்கில் ஒரு மலைமுகட்டைப் பிய்த்து எறிகிறான். எழும்பிய அலை கப்பலைத் திரும்பக் கரைக்கே தள்ளுகிறது. கூட இருப்பவர்கள் கெஞ்சுகிறார்கள், வேண்டாம், சும்மா இரு. கேட்கவில்லை. எவன் கண்ணைக் குத்தினான் என்று கேட்டால் சொல், ஒடிசியஸ், லேயர்ட்டிஸின் மகன், வீடு இத்தாக்காவில். தபால்காரருக்குச் சொல்வதுபோல் தகப்பன் பெயரோடு விலாசம். இப்போது அரக்கன் கையில் ஒரு பெயர் இருக்கிறது. யாரைச் சபிப்பது என்று தெரியாமல் சாபம் விட முடியாது, தெரிந்ததும் விடுகிறான். கடல் தெய்வம் போசைடன்தான் அவனுடைய அப்பா. இவன் வீடு போய்ச் சேரக் கூடாது. சேரத்தான் விதி என்றால் காலம் கடந்து, கூட்டாளிகளை எல்லாம் பறிகொடுத்து, அடுத்தவன் கப்பலில் போய்ச் சேரட்டும். போனாலும் வீட்டில் இவனுக்கு நிம்மதி இருக்கக் கூடாது. அத்தனையும் பலித்தது. ட்ராய்க்குக் கூட்டிப்போன 12 கப்பலில் ஒன்றும் திரும்பவில்லை, ஓர் ஆளும் திரும்பவில்லை.

அவன் பிற்பாடு செய்வதையெல்லாம் நான் இந்த இடத்திலிருந்துதான் படிக்கிறேன். ஒரே ஒரு முறை நிஜப்பெயரைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் சத்தம்போட்டுச் சொன்னான். அதன் விலை தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் வாயிலிருந்து பெயரை வாங்குவது பெரும்பாடு. தெப்பம் உடைந்து பீயேசியர்களின் தீவில் கரை ஒதுங்குகிறான். அரசி அரேட்டி, அவன் போட்டிருக்கும் துணி தானும் தன் பணிப்பெண்களும் நெய்த துணி என்பதைக் கவனித்துவிட்டு மூன்று கேள்வி கேட்கிறாள்: யார் நீ, எந்த ஊர், இந்தத் துணியை உனக்கு யார் கொடுத்தது? அவன் எங்கே கிடந்தான், எப்படி வந்தான், துணி எப்படிக் கிடைத்தது என்று விலாவாரியாகச் சொல்கிறான். முதல் கேள்வி அப்படியே காற்றில் போகிறது. அரசியும் விட்டுவிடுகிறாள். மறுநாள் பார்வையில்லாத பாடகன் ட்ராயின் மரக்குதிரையைப் பற்றிப் பாடும்போது இவன் அழுகிறான். அதைப் பார்த்த அரசன்தான், நல்லவனோ கெட்டவனோ பிறந்தவனுக்குப் பெற்றவர்கள் வைத்த ஒரு பெயர் இருக்குமே, சொல்லப்பா என்று கேட்டுப் பெயரை வாங்குகிறான்.

அப்புறம் இத்தாக்கா. தூங்கிக்கொண்டிருந்தவனைப் பீயேசியர்கள் கரையில் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்விழித்தால் மூடுபனி, இது எந்த ஊர் என்றே தெரியவில்லை. ஓர் இடையப் பையன் வருகிறான். அது அதீனா தேவி, அவளுக்கும் வேஷம்தான். இது இத்தாக்கா என்று அவள் சொன்னதும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறான். ஆனால் வாயிலிருந்து வருவது, நான் கிரீட் தீவுக்காரன், அங்கே ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தேன் என்று தொடங்கும் ஒரு முழுநீளக் கதை. அதீனா சிரித்துவிடுகிறாள். கையால் அவனைத் தடவிக் கொடுத்து, சொந்த மண்ணை மிதித்த பிறகும் இந்தப் பொய்யையும் புரட்டையும் விடமாட்டாயா, அடிவயிற்றிலிருந்து பிடித்துப்போன பழக்கமாயிற்றே உனக்கு என்கிற பொருளில் பேசுகிறாள். திட்டு இல்லை, செல்லம். தெய்வத்துக்குத் தன் பக்தன் தன்னைப்போலவே இருப்பதில் ஒரு சந்தோஷம். ஆனால் அவள் சொல்லிவிட்டுப் போனது பெரிய விஷயம்.

அவனைக் கிழட்டுப் பிச்சைக்காரனாக மாற்றுவது அவள்தான். தோல் சுருங்குகிறது, முடி உதிர்கிறது, கண் ஒளி மங்குகிறது. மேலே கந்தல், ஒரு மான்தோல், தடி, கிழிந்த பை. முழங்காலுக்கு மேலே இருந்த தழும்பை மட்டும் அவள் தொடவில்லை.

பன்றி மேய்க்கும் யூமேயஸின் குடிசையில் அவன் தங்கும் பகுதி நீளமானது, கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. வறுமைக்காகப் பொய் சொல்கிறவனை நான் நரகவாசலைப் போல வெறுக்கிறேன் என்று சொன்ன கையோடு பொய்யை ஆரம்பிக்கிறான். கிரீட், எகிப்து, கப்பல்சேதம் என்று கதை போகிறது. நடுவே, உன் எஜமான் ஒடிசியஸ் சீக்கிரம் வருவான் என்கிறான். யூமேயஸ் மற்ற எல்லாவற்றையும் கேட்டு மனம் இளகுகிறான். ஒடிசியஸ் வருவான் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறான், அதை எதற்குப் பொய் சொல்கிறாய் என்று கேட்கிறான். மொத்தக் கதையிலும் உண்மை அது ஒன்றுதான்.

ஆர்கோஸ் நாயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சாணக் குப்பைமேல் உண்ணி மொய்க்கக் கிடந்து, 20 வருடம் கழித்து எஜமானைக் கண்டு வாலை ஆட்டி, காதைத் தொங்கவிட்டு, எழுந்து வர முடியாமல் செத்துப்போன நாய். நான் சொல்ல நினைப்பது எஜமானைப் பற்றி. அவனும் கிட்டே போகவில்லை. போனால் குட்டு உடைந்துவிடும். யூமேயஸுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஜாதி நாயாகத் தெரிகிறதே, ஓட்டத்திலும் கெட்டியா, இல்லை அழகுக்கு வளர்ப்பதா என்று யாரோ மாதிரி விசாரிக்கிறான்.

இந்தக் காவியம் முழுக்க ஒருவரையொருவர் அடையாளம் காண்பதுதான் என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 19ஆம் பாகத்தில் வரும் கால் கழுவும் காட்சி. பிச்சைக்காரனுக்குக் கால் கழுவிவிடப் பணிப்பெண்களை அனுப்புகிறேன் என்கிறாள் அவன் மனைவி பெனிலோப்பி. இளசுகள் வேண்டாம், என்னைப்போல் பட்டு அனுபவித்த வயதானவள் யாராவது இருந்தால் சரி என்கிறான் அவன். ஏன் அப்படிக் கேட்டான் என்பது எனக்கு இன்றுவரை புதிர்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு கிழவி யார் என்று அவனுக்குத் தெரியாதா? யூரிக்கிளியா. லேயர்ட்டிஸ் 20 மாட்டைக் கொடுத்து வாங்கியவள், இவனைத் தூக்கி வளர்த்த செவிலித்தாய். அவள் தண்ணீரைக் கலந்துகொண்டே சொல்கிறாள்: எத்தனையோ பரதேசிகள் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் ஐயா, உடம்பு, குரல், பாதம் எல்லாம் ஒடிசியஸைப் போலவே இருக்கிற ஒருத்தரை நான் பார்த்ததில்லை. அதற்கு அவன், "ஆமாம் ஆயா, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்கிறான். சொல்லிவிட்டு, தழும்பு ஞாபகம் வந்து, சட்டென்று அடுப்பு வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்கிறான்.

திரும்பி என்ன பயன்? கிழவி கண்ணால் பார்க்கவில்லை, கையால் தடவுகிறாள். அவள் விரல் தழும்பைத் தொட்டதும் ஹோமர் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு 70 வரிக்கு மேல் வேறெங்கோ போய்விடுகிறார்: அவனுக்குப் பெயர் வைத்த தாத்தா, பர்னாசஸ் மலை வேட்டை, காட்டுப்பன்றியின் கோரைப்பல். சாவகாசமாகத் திரும்பி வந்தால் கால் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அப்போதுதான் விடுகிறாள். கால் பாத்திரத்தில் விழுகிறது, வெண்கலம் கணீரென்கிறது, பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. கண் நிறைந்து, குரல் அடைத்து, அவன் மோவாயைத் தொட்டு, நீ ஒடிசியஸ்தான் கண்ணு என்கிறாள். என்ன செய்கிறான் அவன்? வலது கையால் அவள் தொண்டையைப் பிடிக்கிறான். உன் மாரில் பால் குடித்தவன் நான், என்னைக் கெடுக்கவா பார்க்கிறாய், வாயைத் திறந்தால் மற்ற பெண்களோடு உன்னையும் விடமாட்டேன்.

பெனிலோப்பி சில அடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கவனத்தை அதீனா திருப்பிவிடுகிறாள். கிழவியோ கோபித்துக்கொள்ளவில்லை, கல்லுமாதிரி இருப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கொட்டிப்போன தண்ணீருக்குப் பதில் வேறு தண்ணீர் எடுத்து வரப் போகிறாள். கால் கழுவும் வேலை பாக்கி இருக்கிறதே.

அதே இரவில், கால் கழுவுவதற்கு முன்னால், மனைவிக்கும் ஒரு பொய்க்கதை ஆயிற்று. ஒடிசியஸை நான் கிரீட்டில் பார்த்திருக்கிறேன் என்று. பார்த்தாயானால் என்ன உடுத்தியிருந்தார் சொல் என்று அவள் மடக்குகிறாள். நாய் ஒன்று மான்குட்டியைக் கவ்விப் பிடித்திருக்கும் தங்க ஊசி குத்திய கருஞ்சிவப்புப் போர்வை. உள்ளே, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, பளபளவென்று ஒரு சட்டை. அவள் கையால் எடுத்துக் கொடுத்தவை அவை. மலைமேல் பனி உருகி ஓடுவதுபோல் அழுகிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் புருஷனுக்காக அழுதாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார் ஹோமர். அவன் கண் மட்டும் கொம்பால் செய்ததுபோல், இரும்பால் செய்ததுபோல் அசையாமல் நிற்கிறது.

இந்த இடத்தில் எனக்கு நளன் ஞாபகம் வராமல் இருக்காது. உருமாறி வாகுகனாக வந்தவனைத் தமயந்தி அவன் சமைத்த சமையலின் ருசியில் கண்டுபிடித்துவிடுகிறாள். கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் இரண்டாம் சுயம்வரம் என்று வலையே விரிக்கிறாள். பெனிலோப்பியும் லேசுப்பட்டவள் இல்லை. மாமனாருக்குக் கோடித்துணி நெய்து முடித்ததும் கல்யாணம் என்று சொல்லி, பகலில் நெய்து, இரவில் பிரித்து, மூன்று வருடம் காத்துக் கிடந்த அத்தனை பேரையும் ஏய்த்தவள். அவளுக்குப் புருஷனின் வித்தை தெரியும். எல்லாம் முடிந்து அவன் குளித்து, நல்ல துணி உடுத்து, பழைய உருவத்தோடு எதிரே வந்து உட்கார்ந்த பிறகும் அவள் பேசாமலே இருக்கிறாள். உன் மனசு இரும்பா, சரி, எனக்குத் தனியாகப் படுக்கை போடுங்கள் என்கிறான். அவள் நிதானமாக, ஆமாம் யூரிக்கிளியா, அவர் கட்டிய அறையிலிருந்து அந்தக் கட்டிலை எடுத்து வெளியே போட்டு விரித்துக் கொடு என்கிறாள்.

அவ்வளவுதான். 20 வருடம் யாராலும் பிடுங்க முடியாத முகமூடி விழுகிறது. "என் கட்டிலை எவன் நகர்த்தினான்?" என்று கத்துகிறான். உயிரோடு நின்ற ஒலிவ மரத்தைச் சுற்றி அறை கட்டி, மரத்தின் தலையை வெட்டி, வேரோடு நிற்கும் அடிமரத்தையே கட்டில் காலாகச் செதுக்கியவன் அவன். நகர்த்த முடியாத கட்டில். இவன் இதுவரை தன்னை மறந்து பேசிய இடங்கள் இரண்டுதான் என்று எனக்குத் தோன்றும். ஒன்று அரக்கனைப் பார்த்துக் கத்தியது, இன்னொன்று இது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். அலெக்சாந்திரியாவின் பழைய அறிஞர்கள் இரண்டு பேர், அரிஸ்டோபேனஸும் அரிஸ்டார்க்கஸும், புருஷனும் மனைவியும் படுக்கைக்குப் போகும் இடத்தோடு காவியம் முடிந்தது என்று கருதினார்களாம். அப்படிப் பார்த்தால் தோட்டக் காட்சி பிற்பாடு ஒட்ட வைத்தது. ஒரு காலத்தில் நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன். 'ஏன்டா?'வுக்குப் பதில் தேட வேண்டாமே.

2021. கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். வருவதை வீட்டில் சொல்லவில்லை, திடீரென்று போய் நிற்கலாம் என்று திட்டம். முகக்கவசக் காலம்; போதாததற்கு நான் உடம்பும் போட்டிருந்தேன், முன்தலையும் ஏறியிருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி, "சார், மாடி போர்ஷன் வாடகைக்கு விடுறதா சொன்னாங்க" என்றேன். கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "இல்லைங்க சார். அது பையனுக்காக வெச்சிருக்கோம். வெளிநாட்டுல இருக்கான்."

அங்கேயே முகக்கவசத்தைக் கழற்றியிருக்க வேண்டும். அவர் என்னை 'சார்' என்றதும் தொண்டையில் என்னவோ செய்தது, ஆனாலும் கை மேலே போகவில்லை. "எப்ப வருவாரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று கேட்க ஆசையா, இல்லை மூன்று வருடமாகப் போனில் "நல்லா இருக்கேன்பா, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாயா, தெரியவில்லை. அப்பா தெருக்கோடியைப் பார்த்தார். "என்னத்த சொல்றது. பிளைட்டே சரியா விடலையே சார்."

கழற்றினேன். அவர் கட்டிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏன்டா?" என்றார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். போகும்போது கால் முறத்தில் பட்டுக் கீரையெல்லாம் கொட்டியது.

தோட்டத்தில் ஒடிசியஸ் சொல்லும் பொய் அவனுடைய கடைசிப் பொய். இந்த முறை கிரீட்கூட இல்லை, வேறு ஊர், எப்பெரிட்டஸ் என்று வேறு பெயர். ஐந்து வருடத்துக்கு முன்னால் உன் மகன் என் வீட்டில் விருந்தாளியாக இருந்தான், நல்ல சகுனத்தோடுதான் புறப்பட்டுப் போனான் என்கிறான். லேயர்ட்டிஸ் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, நரைத்த தன் தலையில் கொட்டிக்கொண்டு ஓலமிடுகிறார். மகனுக்கு மூக்குக்குள் சுரீரென்று ஏறுகிறது. மனம் கரைந்தது என்றோ வெட்கப்பட்டான் என்றோ ஹோமர் எழுதவில்லை, மூக்கைத்தான் எழுதுகிறார். அழுகை முட்டும்போது முதலில் எரிவது அதுதானே. பாய்ந்து போய்க் கட்டிக்கொள்கிறான். நான்தான் அப்பா அது, நீங்கள் கேட்கிற ஆள் நான்தான்.

கிழவர் இப்போது நம்பவில்லை. நீ என் மகன் என்றால் ஓர் அடையாளம் சொல் என்கிறார். அவன் தழும்பைக் காட்டுகிறான். அதோடு நிறுத்தவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இந்தத் தோட்டத்தில் உங்கள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன், நீங்கள் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொன்னீர்கள், இதெல்லாம் உனக்கு என்று கொடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பிக்கிறான். 13 பேரி. 10 ஆப்பிள். 40 அத்தி. அப்புறம் 50 வரிசை திராட்சை, ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு சமயத்தில் பழுக்கும்.

கட்டில் ரகசியத்தைக் கேட்டபோது பெனிலோப்பிக்கு முழங்கால் தளர்ந்தது என்று ஹோமர் எழுதிய அதே சொற்கள் இங்கே லேயர்ட்டிஸுக்கு வருகின்றன. கிழவர் மகன் கழுத்தில் கையைப் போட்டபடியே மயங்கிச் சரிகிறார். அவன் பிடித்துக்கொள்கிறான்.